ஏர் ஃபிரையரில் சாக்லேட் பஃப்: மேலே கருகுகிறது, அடியில் பச்சை மாவாகவே இருக்கிறது

ஞாயிறு_அடுப்பு எழுதியது:

வணக்கம். உறைநிலையில் விற்கப்படும் பஃப் பேஸ்ட்ரி மாவுத் தாள்களைக் கொண்டு, உள்ளே சாக்லேட் நிரப்பிய பேஸ்ட்ரிகளை ஏர் ஃபிரையரில் செய்ய முயன்று வருகிறேன். இதுவரை நான்கு முறை செய்தாயிற்று. நான்கு முறையும் எப்படியோ தின்று தீர்த்துவிட்டோம். ஆனால் விருந்தினர் முன் வைக்கும்படி ஒரு முறைகூட அமையவில்லை.

நான் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மாவுத் தாளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மேசையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வைத்து நன்றாக இளக விடுகிறேன். பிறகு 10 செ.மீ. பக்கமுள்ள சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஹேசல்நட் சாக்லேட் ஸ்பிரெட் இரண்டு மேசைக்கரண்டி வைத்து, முக்கோணமாக மடித்து, ஓரங்களை விரலால் அழுத்தி மூடுகிறேன். மேலே அடித்த முட்டையைப் பூசுகிறேன். கழுவும் வேலை மிச்சமாகட்டும் என்று கூடையின் அடியில் அலுமினியத் தாள் விரித்து, ஆறு பேஸ்ட்ரிகளையும் ஒரே சுற்றில் அடுக்கி, 200 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைக்கிறேன். ஓவனுக்கான செய்முறைகளில் 200 என்றுதான் போட்டிருக்கிறது. அதையே நானும் வைத்துக்கொண்டேன்.

ஆறாவது நிமிடத்திலேயே மேற்பகுதி காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிடுகிறது. திருப்பிப் பார்த்தால் அடிப்பகுதி வெளிறி, ஈரமாக, அடுக்குகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பசைபோல் இருக்கிறது. ஆறில் குறைந்தது மூன்றின் ஓரம் பிளந்து, சாக்லேட் வழிந்து, தாளின் மேல் ஓடிக் கருகி, வீடு முழுக்கப் புகை நாற்றம் வருகிறது. கடைசி முறை ஒரு பேஸ்ட்ரியின் மேல் மடிப்பு விசிறிக் காற்றில் தூக்கிக்கொண்டு, திறந்து வைத்த புத்தகம்போல் நின்றபடியே வெந்திருந்தது.

வெப்பத்தை 160 ஆகக் குறைத்தும் ஒரு முறை முயன்றேன். அன்று மாவு உப்பவே இல்லை. கொழுப்பு உருகி அடியில் தேங்கி, பிஸ்கட்டிலும் சேராமல் பேஸ்ட்ரியிலும் சேராமல் ஏதோ ஒன்று வந்தது. கூட்டினாலும் தவறு, குறைத்தாலும் தவறு என்றால், ஏர் ஃபிரையர் இதற்கு ஏற்ற கருவியே இல்லையா, அல்லது அடிப்படையிலேயே நான் எதையோ பிழையாகச் செய்கிறேனா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மடிப்புக்கணக்கு எழுதியது:

கருவியின் மீது குற்றமில்லை. நீங்கள் விவரமாக எழுதியிருப்பதால், எது எங்கே பிசகியது என்பதை உங்கள் வரிகளிலிருந்தே சொல்லிவிட முடிகிறது. முதலில் அந்த அலுமினியத் தாளை எடுத்துக்கொள்கிறேன். போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப்போன அதுதான் அடிப்பகுதி வேகாததற்கு முதன்மைக் காரணம்.

ஏர் ஃபிரையர் என்பது பெயரில் மட்டுமே பொரிக்கும் கருவி. செயலில் அது விசிறி வைத்த ஒரு சிறிய ஓவன். சூடாக்கும் கம்பிச்சுருள் மேலே இருக்கிறது. அதையொட்டிய விசிறி சூடான காற்றை வேகமாகச் சுழற்ற, அந்தக் காற்று கூடையின் துளைகள் வழியாகப் பண்டத்தின் அடியையும் தொட்டுத் திரும்புகிறது. அடிப்பகுதிக்குக் கிடைக்கும் வெப்பம் பெரும்பாலும் அந்தத் துளைகளின் வழியேதான் வந்தாக வேண்டும். நீங்கள் தாளை முழுதாக விரித்துத் துளைகளை அடைத்துவிட்டீர்கள். போதாததற்கு ஆறு பேஸ்ட்ரிகளை நெருக்கி அடுக்கி, பக்கவாட்டில் காற்று இறங்கும் வழியையும் மூடிவிட்டீர்கள். ஆகவே மேலே கம்பிச்சுருளின் நேரடி அனல், கீழே தேங்கிய ஈரம் என்ற நிலையில் மாவு வெந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று, கூடை பெரிதானால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை இடைவெளியாவது இருக்கட்டும்.

அடுத்து வெப்பநிலை. அசையாத காற்றுள்ள ஓவனில், குளிர்ந்த பண்டத்தைச் சுற்றி அதன் ஈரமும் குளிர்ச்சியும் கலந்த ஒரு மெல்லிய காற்றுப்படலம் போர்வைபோல் நின்றுகொண்டிருக்கும். விசிறிக் காற்று அந்தப் போர்வையை ஓயாமல் உரித்தெடுத்துக்கொண்டே இருப்பதால், அதே வெப்பநிலையில் மேற்பரப்பு வெகு விரைவாகக் காய்ந்து நிறம் பெறுகிறது. ஓவனுக்குச் சொன்ன அளவிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் வந்தது. பஃப் பேஸ்ட்ரியில் இன்னொரு சிக்கலும் உண்டு: அது உப்ப உப்ப, அதன் தலை மேலேயிருக்கும் கம்பிச்சுருளை நோக்கி நெருங்கிக்கொண்டே போகிறது. ஆழம் குறைந்த கூடையில் இது இரட்டிப்பாகத் தெரியும்.

அப்படியானால் 160-இல் ஏன் உப்பவில்லை என்று கேட்பீர்கள். அன்றைய தோல்விக்கு 160 மட்டும் பொறுப்பல்ல. மேசையில் வைத்த இரண்டு மணி நேரமும் பொறுப்பு. பஃப் பேஸ்ட்ரி மாவில் ஈஸ்டும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. மாவும் வெண்ணெயும் மாறி மாறி அமைந்த மெல்லிய அடுக்குகளே அதன் முழுச் சூட்சுமமும். வெண்ணெயை உள்ளே வைத்து மூன்றாக மடித்துத் தேய்ப்பதை ஆறு முறை செய்தால், மூன்றை ஆறு முறை பெருக்கிய கணக்கில் (3×3×3×3×3×3) 729 அடுக்குகள் உண்டாகின்றன. சூடு படும்போது வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகிறது. வெண்ணெயில் மட்டுமே ஏறத்தாழ 16 சதவீதம் நீர் இருக்கிறது. நீர் ஆவியாகும்போது முன்பிருந்ததைப்போல் 1,600 மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கிறது. அந்த ஆவிதான் ஒவ்வோர் அடுக்கையும் தூக்குகிறது. உருகிய வெண்ணெய் அடுக்குகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது.

இவையெல்லாம் நடக்க வேண்டுமானால், உள்ளே போகும் வரை வெண்ணெய் கெட்டியாக இருந்தாக வேண்டும். அது 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும்; அதற்கு வெகு முன்பே குழைந்து மாவுக்குள் ஊறத் தொடங்கிவிடும். ஊறிவிட்டால் அடுக்கு என்று ஒன்று இல்லை. அத்தகைய மாவை மெதுவான சூட்டில் வைத்தால், ஆவி எழும்புவதற்கு முன்பே கொழுப்பு ஒழுகி அடியில் தேங்கும். நீங்கள் கண்டதும் அதுவே. உறைந்த தாளை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுவது சிறந்தது. அவசரமென்றால் மேசையில் 30 அல்லது 40 நிமிடம் போதும்; விரிசல் விடாமல் மடிக்க வரவேண்டும், தொட்டால் சில்லென்று இருக்கவேண்டும், அவ்வளவுதான். விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் வேலையை நிறுத்திவிட்டு 15 நிமிடம் ஃபிரிட்ஜுக்கே திருப்பி அனுப்புங்கள்.

என் கருவியில் நான் செய்வது இதுதான்: வெறுங்கூடையை 180 டிகிரியில் 5 நிமிடம் முன்கூட்டிச் சூடாக்குகிறேன். நிரப்பி மூடிய பேஸ்ட்ரிகளை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, அதே குளிர்ச்சியோடு கூடையில் வைக்கிறேன். முதல் 6 நிமிடம் 180-இலேயே விடுகிறேன். இந்த நேரத்தில்தான் உப்ப வேண்டியது உப்புகிறது, ஆகையால் ஆவல் எவ்வளவு இருந்தாலும் கூடையை இழுத்துப் பார்ப்பதில்லை. பிறகு 160-க்கு இறக்கி 6 முதல் 8 நிமிடம். கடைசி இரண்டு நிமிடத்துக்கு இடுக்கியால் திருப்பி, அடிப்பக்கத்தை மேலே காட்டுகிறேன். முதலில் வேகம், பிறகு நிதானம் என்ற இந்த வரிசை மாறக்கூடாது. நிமிடக் கணக்கு கருவிக்குக் கருவி ஒன்றிரண்டு கூடும், குறையும்.

வெந்துவிட்டதா என்பதை மேல் நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஒன்றை எடுத்துத் திருப்பி, அடியில் நகத்தால் தட்டிப் பாருங்கள். காய்ந்த, உள்ளீடற்ற ஓசை வரவேண்டும். பக்கவாட்டில் அடுக்குகள் தெரியும் இடத்தைக் கூர்ந்து கவனியுங்கள்: அங்கே வெளிறிய, சற்றே கண்ணாடிபோல் மினுங்கும் கோடு தெரிந்தால் அது இன்னும் பச்சை மாவு.

ஓரம் மூடுவதைப் பற்றி ஒன்று. விரலால் மட்டும் அழுத்தினால் ஒட்டாது. உங்கள் விரலின் சூடு வேறு ஓரத்து வெண்ணெயை இளக்கிவிடும். உள் ஓரத்தில் ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு முட்டையோ நீரோ மெல்லியதாகத் தடவி, மடித்து, முட்கரண்டியின் முனையை உலர்ந்த மாவில் தோய்த்துக்கொண்டு சுற்றிலும் அழுத்துங்கள். மேல் மடிப்பில் மட்டும் கூரிய கத்தியால் இரண்டு சிறு கீறல்கள் இட்டால், உள்ளே சேரும் ஆவி ஓரத்தைப் பிளக்காமல் அதன் வழியே வெளியேறும். மேலே முட்டை பூசும்போது, வெட்டுமுகத்தின் வழியே அது கீழே வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுமுகத்தில் வழிந்த முட்டை வெந்தவுடன் பசையாகி அடுக்குகளைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சாய்ந்த கூரைபோல் பேஸ்ட்ரி வருவதற்கு இதுவே காரணம்.

கோகோப்பிரியை எழுதியது:

மேலே உள்ளவர் மாவைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் கசிவுக்கு ஓரத்தையும் ஆவியையும் மட்டும் காரணம் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மேசைக்கரண்டி ஸ்பிரெட் என்பது ஏறத்தாழ 37 கிராம், 10 செ.மீ. சதுரத்தை முக்கோணமாக மடித்தால் கிடைக்கும் பைக்குள் அவ்வளவு அடங்காது. மடிக்கும்போதே அது ஓரம் வரை பிதுங்கியிருக்கும். எண்ணெய்ப்பசை பட்ட ஓரத்தில் முட்டை தடவினாலும் ஒட்டாது, முட்கரண்டியால் குத்தினாலும் ஒட்டாது. 10 முதல் 12 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி போதும். முதலில் கஞ்சத்தனமாகத்தான் தோன்றும். வெந்த பிறகு கடித்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும்.

ஸ்பிரெட்டையே விரும்பினால், பேக்கிங் தாளின் மேல் இரண்டிரண்டு தேக்கரண்டியாகச் சிறு மேடுகளாக வைத்து ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். அதில் சர்க்கரையும் எண்ணெயும் மிகுதியாக இருப்பதால் கல்லாக இறுகாது. கையில் எடுக்க வரும் அளவுக்குக் கெட்டிப்படும். அதுவே போதும். மாவு வெந்து சுவராக நிற்பதற்கு முன் உள்ளிருப்பது இளகி ஓடிவிடக்கூடாது என்பதுதான் இங்கே நடக்கும் பந்தயம்; உறைய வைத்த மேடு உங்களுக்குச் சில நிமிடங்களை முன்கூட்டியே வாங்கித் தருகிறது.

என்னைக் கேட்டால், ஸ்பிரெட்டைவிடச் சாக்லேட் கட்டியே இதற்குப் பொருத்தம். 55 முதல் 60 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வைக்கிறேன். சாக்லேட் 34 டிகிரியை ஒட்டி உருகத்தான் செய்யும். ஆனாலும் உருகிய சாக்லேட் ஸ்பிரெட்டைப்போல் எளிதில் ஓடாது, அசைக்காமல் விட்டால் வைத்த இடத்திலேயே நிற்கும். பேக்கிங்குக்கென்று விற்கப்படும் சிப்ஸில் கோகோ வெண்ணெய் குறைவு. அதனால் அவை இன்னும் நன்றாக வடிவம் காக்கும். ஆனால் ஆறிய பிறகு வாயில் சற்று வறட்சியாக இருக்கும். குழந்தைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை, நான் பொருட்படுத்துகிறேன். மில்க் சாக்லேட்டிலும் வெள்ளைச் சாக்லேட்டிலும் பாலின் புரதமும் சர்க்கரையும் இருப்பதால், கசிந்த இடத்தில் அவை விரைவில் கருகிக் கசக்கும்.

கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) வைக்கலாமே என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். கனாஷில் கிரீம் இருக்கிறது. கிரீமில் நீர் இருக்கிறது. அந்த நீர் உள்ளேயே ஆவியாகி ஓரத்தை வெடிக்கச் செய்வதோடு, அடிமாவையும் ஊறவைத்துவிடும். பேஸ்ட்ரியை வெறுமையாகச் சுட்டு, ஆறிய பின் குழாய்ப்பையால் நிரப்புவதானால் கனாஷைப்போல் வேறொன்றில்லை. அது வேறு பண்டம், வேறு நாள் பேசலாம்.

உள்ளிருக்கும் சாக்லேட் 180 டிகிரியில் கருகாதா என்ற ஐயம் பலருக்கு உண்டு. சுற்றிலும் ஈரமாவு இருக்கும் வரை உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே உள்ளே இருப்பது கருகுவதில்லை. வழிந்து உலோகத்தில் பட்டதுதான் கருகுகிறது, அந்தப் புகைதான் உங்கள் வீட்டை நிரப்பியது. அடுத்த சுற்றுக்கு முன் அந்தக் கறையைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் சரியாக வந்த பேஸ்ட்ரியிலும் அந்த நாற்றம் ஏறிக்கொள்ளும்.

ஒருகைமாவு எழுதியது:

தாள் வேண்டவே வேண்டாம் என்று மனம் வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். துளையிட்ட பேக்கிங் தாள் ஏர் ஃபிரையருக்கென்றே கிடைக்கிறது. இல்லாவிட்டால் சாதாரணப் பேக்கிங் தாளைக் கூடையின் அடியைவிடச் சிறியதாக வெட்டி, கத்தரியால் பத்துப் பதினைந்து ஓட்டைகள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் முன்கூட்டிச் சூடாக்கும்போது தாளை உள்ளே வைக்கவே கூடாது. மேலே பாரமில்லாத தாள் காற்றில் எழும்பிக் கம்பிச்சுருளில் ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு முறை ஓரம் கருகிய வாடை வந்தவுடன் நிறுத்தியதால் தப்பித்தோம். தாளின் ஒரு மூலை தீய்ந்து, கம்பிச்சுருளுக்கு ஒரு விரல் அகலம் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

மேல் மடிப்பு திறந்துகொண்டதற்கும் அதே காற்றுதான் காரணம். நுனியை அடிப்பக்கம் வரும்படி மடித்து வைத்தால் பேஸ்ட்ரியின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். முக்கோணத்தில் அது இயலாது. நீள்சதுரமாக வெட்டிச் சுருட்டி, இணைப்பு அடியில் இருக்கும்படி வைத்தால் இயலும். பல்குச்சி குத்துவோரும் உண்டு, பரிமாறும்போது உருவ மறந்துவிடாமல் இருந்தால் சரி. அப்புறம், பொடித்த சர்க்கரையை வெந்த பிறகே தூவுங்கள். முன்பே தூவினால் முழுதும் விசிறிக்குத்தான் போய்ச் சேரும்.

ஞாயிறு_அடுப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. அலுமினியத் தாளைப் பற்றிப் படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த முயற்சிக்கு முன் இரண்டு ஐயங்கள். எங்கள் வீட்டில் முட்டை உண்ணாத ஒருவருக்காகவும் செய்ய வேண்டியிருக்கிறது. முட்டைக்கு மாற்றாக எதைப் பூசலாம்? இரண்டாவது, கிரொசான்ட் மாவில் சாக்லேட் வைத்துச் செய்யும் பிரெஞ்சுப் பேஸ்ட்ரியையும் இதே முறையில் செய்துவிடலாமா, அல்லது அதற்குத் தனி வழியா?

மடிப்புக்கணக்கு எழுதியது:

முட்டை பூசுவதால் வரும் பொன்னிறத்துக்கும் பளபளப்புக்கும் அதன் புரதமே பெரும் காரணம். பாலிலும் புரதம் உண்டு, ஆனால் குறைவு. ஆகவே வெறும் பால் பூசினால் நிறம் வரும், பளபளப்பு வராது. கிரீம் இன்னும் நல்லது. ஒரு மேசைக்கரண்டிப் பாலில் அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்துப் பூசினால் நிறம் விரைவில் ஏறும். ஏர் ஃபிரையரில் அது ஆபத்தான விரைவு, ஆகையால் அதைத் தொடக்கத்தில் பூசாமல் 160-க்கு இறக்கும் நேரத்தில் பூசுங்கள். கூடையை வெளியே எடுத்துப் பத்து விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். ஓரத்தை ஒட்டுவதற்கு முட்டை தேவையே இல்லை, தண்ணீர் போதும். ஆனால் தூரிகையால் ஈரம் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சொட்டும் அளவுக்குத் தடவினால் ஓரம் வழுக்கிக்கொண்டு போகும். வாங்கிய மாவில் வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்திருந்தால் உறையில் குறிப்பிட்டிருப்பார்கள். அது வெண்ணெயைவிடச் சூடு தாங்கும், கையாள எளிது, ஆனால் சுவையில் வெண்ணெய்க்கு ஈடாகாது.

கிரொசான்ட் மாவுக்குத் தனி வழிதான். நீங்கள் கேட்பது பான் ஓ ஷோகோலா. பிரான்சின் தென்மேற்கில் அதையே ஷோகோலத்தீன் என்பார்கள், எந்தப் பெயர் சரி என்பதில் அங்கே ஓயாத வழக்கு உண்டு. அந்த மாவில் அடுக்குகளோடு ஈஸ்டும் சேர்ந்திருக்கிறது. ஆகவே வடிவமைத்த பின் அது புளித்துப் பருக்க வேண்டும். 25 அல்லது 26 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று வெப்பமான இடத்தில் வைத்தால் ஈஸ்டு மகிழும், வெண்ணெய் உருகிவிடும். தட்டை மெல்ல அசைத்தால் பேஸ்ட்ரி தளதளவென்று ஆட வேண்டும், அதுவே பதம். மாவு தடிமனாகவும் உள்ளே ரொட்டிபோல் மென்மையாகவும் இருப்பதால், 180-இல் வைத்தால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். 160 முதல் 165 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் வைக்கிறேன். உறைநிலையில் வாங்கியதானால் உறையில் போட்டிருப்பதைப் படியுங்கள்: சிலவற்றைப் பருக்கவைத்துச் சுட வேண்டும், சிலவற்றை அப்படியே உறைந்தபடி சுடலாம். இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு மாவைக் குறை சொல்வோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

ஞாயிறு_அடுப்பு எழுதியது:

இன்று காலை ஐந்தாம் முறையாகச் செய்தேன். மாவுத் தாள் நேற்றிரவே ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது. மூன்றில் டார்க் சாக்லேட் துண்டும், மூன்றில் உறைய வைத்த ஸ்பிரெட் மேடும் வைத்தேன். முட்கரண்டியால் அழுத்தி, கீறலிட்டு, 20 நிமிடம் குளிரவைத்து, தாள் ஏதுமில்லாமல் மூன்று மூன்றாக இரண்டு சுற்று.

முதல் சுற்றின் ஆறாவது நிமிடத்தில் கூடையை இழுத்தபோது, பேஸ்ட்ரிகள் மூன்று விரல் உயரத்துக்கு எழும்பி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே எண்ணும்படி விரிந்திருந்தன. இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. 160-க்கு இறக்கி 7 நிமிடம், திருப்பி 2 நிமிடம். அடியில் தட்டியபோது நீங்கள் சொன்ன காய்ந்த ஓசை வந்தது. ஒன்றுகூடக் கசியவில்லை. ஆவலில் உடனே கடித்து மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டேன். பேஸ்ட்ரி கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகும் உள்ளிருக்கும் சாக்லேட் நெடுநேரம் கொதிப்போடு இருக்கிறது.

ஆனால் இரண்டாம் சுற்று அவ்வளவு சிறக்கவில்லை. அதே வெப்பம், அதே நிமிடக் கணக்கு; மேற்பகுதி ஒரு படி கூடுதலாகக் கறுத்துவிட்டது, உப்பியதும் முதல் சுற்றைவிடக் குறைவு. ஸ்பிரெட் வைத்தவை அந்தச் சுற்றில்தான் இருந்தன. ஒன்றில் கீறலின் வழியே சிறிது கொப்பளித்து வந்திருந்தது. முதல் சுற்று வேகும்வரை அவற்றை மேசையிலேயே வைத்திருந்தேன். அதுதான் காரணமா?

கோகோப்பிரியை எழுதியது:

பாதிக் காரணம் அது. ஏறத்தாழ 15 நிமிடம் அடுப்பின் அருகே மேசையில் இருந்த மாவு, நீங்கள் இரவெல்லாம் சேர்த்து வைத்த குளிர்ச்சியை இழந்துவிட்டது. உறைந்த மேடும் இளகத் தொடங்கியிருக்கும். காத்திருக்கும் பேஸ்ட்ரிகள் ஃபிரிட்ஜிலேயே காத்திருக்கட்டும். மீதிப் பாதி கருவியினுடையது: முதல் சுற்றில் 5 நிமிடம் மட்டுமே சூடான கூடையும் சுவரும், இரண்டாம் சுற்றுக்குள் முழுதாக அனலேறிவிட்டன. இரண்டாம் சுற்றுக்கு 175-இல் தொடங்குங்கள், அல்லது 180-இல் 5 நிமிடத்திலேயே இறக்கிவிடுங்கள்.

கீறலைப் பற்றியும் ஒன்று: ஸ்பிரெட் வைத்தவற்றில் கீறலை நேர் நடுவில் இடாமல், மடிப்பு விளிம்பை ஒட்டி மேல் மாவில் மட்டும் இடுங்கள். நடுவில் இட்டால் கத்திமுனை மேட்டைத் தொட்டுவிடுகிறது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ஒரே நாளில் ஆறையும் சுடவேண்டிய கட்டாயமில்லையென்றால், நிரப்பி மூடிய மூன்றைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இறுக வைத்து, பிறகு பைக்குள் போட்டுவிடுங்கள். வேண்டும்போது இளக விடாமல் நேராகக் கூடைக்குள் வைத்து, 180-இல் 7 நிமிடமும் 160-இல் 8 முதல் 10 நிமிடமும் விட்டால், எனக்கு அவைதான் புதிதாகச் செய்தவற்றைவிட நன்றாக உப்புகின்றன. சுட்டு ஆறிப்போனவற்றை 160-இல் 3 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள், துணிபோல் துவண்டுவிடும்.

ஞாயிறு_அடுப்பு எழுதியது:

மூன்றை இப்போதே மூடி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். கீறலை விளிம்போரம் மாற்றியிருக்கிறேன். புதன்கிழமை மாலை சுட்டுவிட்டு எழுதுகிறேன்.